முள்

ரியோவிலிருந்து என்னோடு வந்தது ஒரு பெட்டி,
பெட்டிக்குள் ஒரு முள்.
முள் சாய்ந்தால் ஓரமாய் நில்லுங்கள்,
சாயாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.
அந்த அக்டோபரில் எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

கோயானியாவின் கால்பந்து மைதானத்தில்
கோல் கம்பத்திலிருந்து கோல் கம்பம் வரை மனிதர்கள்.
கைவிட்ட மருத்துவமனையொன்றின் எந்திரத்தை யாரோ உடைத்ததில்
கைப்பிடியளவு நீல வெளிச்சம் வெளியேறியிருந்தது.
தொட்டவர்கள் கொஞ்சம் பேர்.
தொட்டதாய்க் கனாக் கண்டவர்கள்
ஊர் முழுக்க.

கழுத்தெல்லாம் தடிப்போடு ஒருத்தி வந்தாள்.
முள்ளைக் காட்டினேன், அசையவே இல்லை.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிப்பு அடங்கியது.
ஒரு பையன் என் செருப்பின்மேல் வாந்தியெடுத்தான்,
அவனுக்கும் அசையவில்லை.
தபால்காரர் ஒருவர் கடிதக் கட்டை நீட்டினார்,
"இதையும் பார்த்துடுங்க டாக்டர்."
நான் டாக்டர் இல்லை, பெட்டி தூக்குகிறவன்.
அந்த வாரம் அந்த ஊரில்
வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் டாக்டர்.

பார்த்து முடித்தவர்களுக்குத் தாள் கொடுத்தோம்,
தேதி, கையெழுத்து, வட்ட முத்திரை.
தாள் இல்லாதவரைப் பேருந்தில் ஏற்றவில்லை.
தாளோடு போனவருக்கும்
சாவ்பாலோ விடுதியில் அறை காலியில்லை.
சாவிகள் வரிசையாய்த் தொங்கிக்கொண்டிருந்தனவாம்,
தாளை நுனிவிரலால் வாங்கி
நுனிவிரலாலேயே திருப்பிக் கொடுத்தார்களாம்.
முத்திரை குத்தத் தெரிந்தது எங்களுக்கு,
தீட்டுக் கழிக்கத் தெரியவில்லை.

மைதான வாசலில் பெக்கிப் பழம் விற்றாள் தோனா டெல்மிரா.
எண்பது கிலோமீட்டர் தள்ளிக் காட்டில்
தானாய் உதிர்ந்ததைப் பொறுக்கியது.
ஐந்து மூட்டை.
ஒவ்வொன்றின் மேலும் கம்பியை ஓட்டினேன்,
முள் தூங்கியது.
பழத்துக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்.
கூடையில் செருகி வைத்தாள்.
நிறையப் பேர் வந்தார்கள்,
தாளைப் படித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் வந்து என் கையைப் பிடித்தாள்.
(யாரும் யார் கையையும் பிடிக்காத மாதம் அது.)
"தாள் எதுக்கு?
எல்லாரும் பார்க்க ஒண்ணு தின்னுட்டுப் போங்க."

மஞ்சளாய் வெந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள்.
கூட்டம் கூடியது. இடுப்புக் குழந்தைகளும் பார்த்தன.
வாயருகே கொண்டுபோகும்போதுதான்
விடுதிப் பையன் முந்தின இரவு சொன்னது ஞாபகம் வந்தது.
கடிச்சிடாதீங்க சார், உங்க ஊரில் இது கிடையாது.
சதைக்குக் கீழே மயிர்மாதிரி முள், ஆயிரம் இருக்கும்.
நாக்கில் ஏறினா ஆஸ்பத்திரிதான்.
முன்பல்லால் சுரண்டணும், மெதுவா.

கை நின்றது.
ஒரு நொடி.
ஒன்றரை இருக்கலாம்.

அப்புறம் தின்றேன்.
ஒன்றல்ல, நாலு. விரலையும் நக்கினேன்.
அதை யாரும் பார்க்கவில்லை.
அவர்கள் பார்க்க வந்தது அந்த நொடியை,
பார்த்துவிட்டார்கள்.

மதியத்துக்குள், டாக்டரே யோசிச்சாராம்.
சாயங்காலம், டாக்டர் துப்பிட்டாராம்.
மறுநாள் காலை டாக்சி ஓட்டுநர் ஒருவர்
கண்ணாடி வழியே என்னிடமே சொன்னார்,
பழம் தின்ன டாக்டர் போய்ச் சேர்ந்துட்டார், தெரியுமா?
பாவம், என்றேன்.
சின்ன வயசு, என்றார்.

மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள் தோனா டெல்மிரா.
பன்றிக்குப் போடப் போகிறாளாம்.
பன்றிக்கு வானொலி கேட்கும் வழக்கமில்லை.
என்னைத் திட்டவில்லை.
தாளை மட்டும் நாலாய் மடித்துத் திருப்பித் தந்தாள்.
"முள்ளுக்குத்தானே பயந்தீங்க?"
"ஆமாம்" என்றேன்.

அன்றிரவு அறைக் கதவைத் தாழிட்டேன்.
பெட்டியைத் திறந்தேன்.
கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி
கம்பியை அருகே பிடித்தேன்.
அசையவில்லை.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
எழுந்து
மறுபடியும் பிடித்தேன்.