மிச்சமிருந்த பாடம்

விருப்பப் பாடம் என்றுதான் பெயர்.
யாருடைய விருப்பம் என்று
படிவத்தில் எங்கும் கேட்கவில்லை.

பதினொரு நிமிடம் தாமதமாக அனுப்பினேன்.
அதற்குள் இதய அறுவை நிரம்பிவிட்டது,
மலையேற்ற மருத்துவம் நிரம்பிவிட்டது,
தொழுநோயின் வரலாறுகூட.
"கடல் வானொலி மட்டும் இருக்கிறது.
நான்கு வாரம். தேர்வு கிடையாது"
என்றாள் அலுவலகத்து குன்வோர்.
தேர்வு கிடையாது என்பதை
இரங்கல் செய்தி மாதிரிச் சொன்னாள்.

பெர்கன் துறைமுகத்தில், மீன் கிடங்குக்கு மேலே,
ஓர் அறை. இரண்டு நாற்காலி. ஒரு கடல் வரைபடம்.
ஜன்னலில் மழை; மழையைப் பற்றி
இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.
பணியிலிருந்த டாக்டர் எஸ்கில்
ஹெட்ஃபோனை என் பக்கம் தள்ளிவிட்டு
சாண்ட்விச்சைப் பிரித்தார்.

நான்கு வருடமாகச் சொல்லிவைத்திருந்தார்கள்:
பார், தொடு, தட்டு, பிறகு கேள்.
இங்கே முதல் மூன்றும் இல்லை.
என் கைகள் மேசைமேல் கிடந்தன,
அழைக்காமல் வந்துவிட்ட
இரண்டு விருந்தாளிகள் போல.

ஒன்பதாம் இரவு.
கரடித் தீவுக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் கப்பல்.
துணை மாலுமி ரொடேலியோ பேசினான்:
சமையல்காரருக்கு வலி, நேற்றிலிருந்து.
எங்கே?
வயிற்றில்.
ஒற்றைக் காலில் துள்ளச் சொல்லுங்கள்,
வலி கூடுகிறதா பார்க்கலாம்.
"கப்பலே துள்ளுகிறது டாக்டர்,
எந்தத் துள்ளலைக் கணக்கில் எடுப்பது?"

எஸ்கில் சிரித்தார், வாய் நிறைய ரொட்டியோடு.
நான் இன்னும் டாக்டர் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது அவனுக்கு உதவாத தகவல்.

சரி. வலது பக்கம்.
தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில்
மூன்று விரலை வையுங்கள்.
மெதுவாக அழுத்துங்கள்.
இன்னும்.
இப்போது சட்டென்று எடுங்கள்.

எந்திரத்தின் உறுமல்.
யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.
அப்புறம் அது வந்தது,
ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி:
ஒரு மனிதன்
மூச்சைப் பல்லிடுக்கில் உள்ளிழுக்கும் ஓசை.
பார்த்தால், என் வலது கைவிரல்கள்
மேசையை விட்டு எழுந்திருந்தன.

எஸ்கில் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

பனிமூட்டம். ஹெலிகாப்டர் கிளம்பாது.
மருந்துப் பெட்டி, இரண்டாம் அடுக்கு, ஊசி.
ரொடேலியோ இதுவரை ஊசி போட்டது
ஊரில் ஒரு பன்றிக்கு மட்டும்.
"அப்படியானால் என்னைவிட ஒன்று அதிகம்" என்றேன்.
பொய். ஆனால் அவன் கை நடுங்கவில்லையாம்.

மணிக்கொரு அழைப்பு.
அவன் காய்ச்சல் எண்களைப் படித்தான்.
எண்களை எழுதிக்கொண்டே
அவன் குரலுக்குப் பின்னாலிருந்த
முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
நான்காம் அழைப்பில் அது இல்லை.
தூங்குகிறார் என்றான்.
தூக்கம்தானா?
எழுப்பிப் பெயரைக் கேளுங்கள்.
கேட்டான்.
பெயர் வரவில்லை, வசவு வந்தது,
நீளமாக, முழுசாக, மூச்சு வாங்காமல்.
நானும் எஸ்கிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விடிந்தபின் பனி விலகியது.
ட்ரோம்சோவுக்குத் தூக்கிப் போனார்கள்.
பிறகு என்ன ஆனது என்று
எனக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.
தெரிவிக்கவும் இல்லை.

மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி:
கடல் வானொலி, நிறைவு செய்தார்.

இப்போது அறுவைப் பிரிவில் இருக்கிறேன்.
"ஏன் நிற்கிறாய், கையை வை"
என்றார் பேராசிரியர் நேற்று.
கட்டிலில் இருந்த பெண்
இன்னும் பேசி முடிக்கவில்லை.

அடுத்த படிவம் வந்திருக்கிறது.
வெள்ளி நண்பகல் கடைசி.
இந்த முறையாவது நேரத்தோடு அனுப்பு
என்று நினைவூட்டினாள் குன்வோர்.
சரி என்றேன்.

வெள்ளி, பன்னிரண்டு ஐந்து.
காபி போட்டுக்கொண்டிருக்கிறேன்.