இடது கார்னர்

அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன்.
எழுதினால் ஆவடிக்காரிகள் படித்துவிடுவார்கள்.
தவிர, அதில் ஓர் ஒலிக்கு
நம் எழுத்துகளில் இடம் இல்லை.
கிட்டத்தட்ட ஒன்றைப் போட்டு ஒப்பேற்றச்
சித்தாரா விடமாட்டாள்.

முதல் தடவை அது வாய்தவறி விழுந்தது.
கோட்டூர்புரம், மாநகராட்சிப் பள்ளி மைதானம்,
பறக்கும் ரயில் போகிற இரைச்சல்.
'பி' பிரிவு ரைடர் மூச்சடக்கி உள்ளே வந்தாள்.
"காலப் புடி" என்று தமிழில் கத்தினால்
அந்தக் கால்தான் முதலில் கேட்டுக்கொள்ளும்.
அன்றைக்குச் சித்தாரா பதறிப்போய்
வீட்டில் கத்துகிற மாதிரி கத்திவிட்டாள்.
ரைடர் அரை நொடி திகைத்தாள்.
எனக்கும்தான் புரியவில்லை,
அவள் கண் போன இடம் தெரிந்தது.
பாய்ந்தேன்.
கணுக்கால் என் கையில்.

கூட்டத்தில் யாரோ "ஊசி பாசி" என்றார்கள்.
மண் தட்டுகிற சாக்கில்
சித்தாரா குனிந்தே இருந்தாள்.
ஆறாவதில் மிஸ் தாய்மொழி கேட்டபோது
பொங்குமுன் அடுப்பை அணைப்பவள்போல
"தமிழ்" என்று பட்டென்று சொன்னவள்.

நான்தான் போய்க் கேட்டேன்,
இன்னொரு தரம் சொல்லேன்.

கால். இடுப்பு. பொறு. இப்போ. விடாதே.
ஐந்து சொல், ஏழு தொண்டை.
தஸ்லீமாவுக்கு அதில் ஒன்று
முன்னமே தெரிந்த மாதிரி இருந்தது,
"எங்க வீட்லயும் கிட்டத்தட்ட இப்படித்தான்."
எஸ்தர் உள்ளங்கையில் எழுதி வைத்து
வியர்வையில் தொலைத்தாள்.
நாலு ஆட்டம் ஜெயித்தோம்.
என்ன பாஷைடி அது என்று கேட்டவர்களிடம்
டீம் பாஷை என்றோம்.

பிறகு ஆவடி.
சைதாப்பேட்டை மைதானம், நண்பகல்,
சுண்ணாம்புக் கோடு கண்ணைக் குத்துகிற வெயில்.
அவர்கள் ரைடர் ஒல்லி, ரெட்டைச் சடை.
சித்தாரா கத்தினாள். நான் அசையுமுன்
அவள் காலை எடுத்துவிட்டாள்.
இன்னொரு சொல். மறுபடி எடுத்தாள்.
மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே எடுத்தாள்.
நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பி
நீளமாக எதையோ சொல்லிவிட்டுப் போனாள்.
சித்தாரா வாய் பிளந்து நின்றாள்.

பதினொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

என்னடி சொன்னா?
"ஒழுங்கா கத்துக்குடுக்க மாட்டியா,
இடது கார்னர் எங்க பேச்சக் கொல பண்றாளேன்னா."
சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்,
தோற்ற கேப்டன் அப்படிச் சிரிக்கக்கூடாது.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்
வேன்காரர் மூன்று தரம் ஹாரன் அடிக்கும்வரை
இருவரும் பேசினார்கள்.
எனக்கு அதுவரை அந்த மொழி
ஐந்து கூச்சல்தான்.
அன்றுதான் கேட்டேன்
அதில் இழுத்துப் பேச முடிகிறது,
இடையில் மறித்து இல்லவேயில்லை என முடிகிறது,
யாரையோ நக்கலடித்துவிட்டுக்
குரல் தாழ்த்தவும் முடிகிறது.

திங்கட்கிழமை எஸ்தர் சொன்னாள்,
ரகசியம் போச்சு, வேற கோட் வெச்சுக்கலாம்.
சித்தாரா ஒத்துக்கொள்ளவில்லை.
"அவளுக்குத் தெரியாத சொல் எங்கிட்ட இல்ல.
பொய் சொல்லக் கத்துக்குங்க. அதான் வழி."

ஒரு மொழியில் பொய் சொல்ல
என்னென்ன தேவைப்படுகிறது!
நேற்று வேண்டும். நாளை வேண்டும்.
இடது என்று சொல்லி வலதை நினைக்க
ஒரு 'ஆனால்' வேண்டும்.
பஸ்ஸில் ஜன்னலோரம் வாயைக் கோணி
அந்த ஒலியைப் பழகுகிறேன்.
பல்வலியா பாப்பா என்கிறார் கண்டக்டர்.

ஜனவரியில் மறு ஆட்டம்.
என்னிடம் ஒரு முழுப் பொய் தயார்,
வினைச்சொல்லோடு.
சித்தாராவின் தம்பி கபில்,
அக்கா எதில் கூப்பிட்டாலும்
தமிழிலேயே பதில் சொல்லி ஓடுகிறவன்,
இப்போது கோட்டுக்கு வெளியே
முறுக்கு தின்றபடி உட்கார்ந்துகொண்டு
என் பொய்யில் தப்புக் கண்டுபிடிக்கிறான்.