பதினாலுக்கு ஏழு

ஐசேன் கடற்பிளவுகளில் பதினாலு நாள்
கூண்டு மீனுக்குத் தீனி வீசுவது,
கின்சாவோ தீவில் ஏழு நாள் வீட்டில் இருப்பது.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
கையெழுத்துப் போடும்போது
அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
நான் பார்க்கவில்லை.

பார்த்தவள் எலுனேய். வயது நாலரை.

மழலையர் பள்ளியில் இந்த மாதப் பாடம்
கூட, குறைய, சமம்.
வீட்டிலும் செய்து பாருங்கள் என்று
ஒரு தாள் வந்திருந்தது, நிறைய ஆப்பிள் படங்களோடு.
எங்களிடம் ஆப்பிள் தீர்ந்திருந்தது.
சிப்பி இருந்தது வாளி நிறைய,
முந்தைய நாள் சூப்பின் மிச்சம்.

கறுப்புச் சிப்பி ஆறு வைத்தேன், நெருக்கி.
வெள்ளை மட்டி நாலு வைத்தேன், தள்ளித் தள்ளி.
எது கூட?
வெள்ளை, என்றாள். யோசிக்கவே இல்லை.
எண்ணிப் பார்.
ஆறு என்றாள், நாலு என்றாள், பிசகாமல்.
இப்போது எது கூட?
வெள்ளை.
கோடு அங்க வரைக்கும் போகுதே, அப்பா.

உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்த நோயெமி
திரும்பாமலே சிரித்தாள்.
நீ மட்டும் என்னவாம்,
ஒல்லி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால்
கள் கூட இருக்கிறது என்று நம்புகிற ஆள்தானே.

எனக்கு மீனை எண்ணத் தெரியும்.
ஒரு கூண்டில் நாற்பதாயிரம்,
காலையில் செத்து மிதந்தவை பதினேழு,
நேற்றைவிட மூன்று கூட என்று
மான்சில்யாவுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லத் தெரியும்.
ஆறு ஏன் நாலைவிடக் கூட என்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
மூன்று நாள் தடுமாறினேன்.

நாலாம் நாளும் மழை.
அவளே ஒரு கறுப்பின் மேல்
ஒரு வெள்ளையைக் கவிழ்த்தாள்.
தொப்பி, என்றாள்.
அடுத்ததற்கும் தொப்பி. அதற்கடுத்ததற்கும்.
வெள்ளை தீர்ந்தபோது
இரண்டு கறுப்பு வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தன.
ஐயோ பாவம், இதுங்களுக்குப் பத்தலை.
அப்போது எது கூட?
இதைப் போய்க் கேட்கிறாயே என்பதுபோல் பார்த்தாள்.
தலைதான் கூட. தொப்பி குறைச்சல்.

அதற்குப் பிறகு எதையும் விட்டுவைக்கவில்லை.
கிண்ணத்துக்கு ஒரு கரண்டி,
கொக்கிக்கு ஒரு மழைக்கோட்டு.
பக்கத்து வீட்டு நாய்க்குக் குட்டி ஒன்பது, முலை எட்டு.
அந்த ஒன்பதாவதற்காக
ஒரு சாயங்காலம் முழுக்க அழுதாள்.

ஆறாம் நாள் ராத்திரி கேட்டாள்,
நீ போற நாள் எத்தனை?
பதினாலு.
இருக்கிற நாள்?
பதினாலு கறுப்பு எடுத்துக்கொண்டாள், ஏழு வெள்ளை.
தொப்பி போட ஆரம்பித்தாள்.
நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணாடியில் தண்ணீர் வழிவதைத் தவிர
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

திரும்பியபோது
தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
பதினாலையும் ஒன்றுக்குள் ஒன்று சொருகி
மத்தி மீன் டப்பாவில் திணித்தாள், மூடியும் போட்டாள்.
ஏழு வெள்ளையைத் தரையில் பரப்பினாள்,
அடுப்படியில் ஒன்று,
ஓர் எட்டு வைத்து இன்னொன்று,
மேசைக்காலைச் சுற்றி, பெஞ்சுக்கு அடியில் நுழைந்து,
வாசல் கதவு வரைக்கும்.

குறைச்சல்னு எனக்குத் தெரியும், என்றாள்,
நான் வாயைத் திறப்பதற்குள்.
ஆனா இதுதான் நீ கூட இருக்கிற நாள்.

படகு விடிகாலை நாலரைக்கு.
விளக்குப் போடவில்லை.
பையை மார்போடு அணைத்து
ஆறைத் தாண்டிவிட்டேன்.
ஏழாவது, கதவடியில்,
பூட்ஸுக்குக் கீழே சின்னதாகச் சத்தம் போட்டது.

குனிந்து தடவினேன். இரண்டு துண்டு.
கொஞ்சம் இடைவெளி விட்டு
இரண்டையும் அங்கேயே வைத்தேன்.
ஆறு என்பாளா, எட்டு என்பாளா,
எழுந்து வந்து அவளே சொல்லட்டும்.