பச்சைப் பலகை

இந்தத் தீவின் படகுத்துறையில்
ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னப் பலகை.
சிவப்பென்றால் ஆள் உண்டு.
பச்சையென்றால்
இடத்துக்காரர் கடலில் இருக்கிறார்,
இன்றிரவு நீங்கள் படுத்துக்கொள்ளலாம்.

பதினேழாம் இடம் பச்சை.
கீழே சாக்பீஸில்:
'ஞாயிறு வரை. தோர்கில்.'
இன்று வெள்ளி.

அஸ்கர் சுக்கானைப் பிடித்திருந்தான்.
அணியத்தில் கயிறோடு நான்.
பிற்பகல் மூன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
முன்பாயைச் சுருக்கு என்றேன்,
பொறு என்றான்,
பொறுத்தோம்,
பாய் ஒரு முழம் கிழிந்தது.
அவ்வளவுதான் விஷயம்.
ஒன்பது மீட்டர் படகில்
அவ்வளவு விஷயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பேசாமலும் படகைக் கட்டலாம்.
பதினோரு கோடைகளின் பழக்கம்.
அவன் தலையசைக்க நான் குதித்தேன்,
நான் இழுக்க அவன் இயந்திரத்தை அணைத்தான்.
அடுத்த படகில் காலைத் தொங்கவிட்டு
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள்
'என்ன பொருத்தம்!' என்றாள்.
தோல்கள் சொறிமீன்களுக்கு நடுவே மிதந்தன.
'தோர்கில் சொன்ன நாளுக்கு முன்னால் வரமாட்டான்,
நிம்மதியாகத் தூங்குங்கள்.'

கட்டண இயந்திரம் நூற்றெண்பது குரோனரை விழுங்கி
ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது.
குளியலறையில் அட்டையைச் செருகினால்
மூன்று நிமிடம் வெந்நீர்.
நான்கு நாள் உப்புக்கு மூன்று நிமிடம்.
காதுக்குப் பின்னால் உப்பு அப்படியே இருந்தது.

ஜூன் மாதத்தில் இங்கே இருட்டு வருவதில்லை.
வடக்கே யாரோ ஒரு கதவைச்
சாத்த மறந்ததுபோல் வெளிச்சம்.
காற்று ஏறியது.
ஏதோ ஒரு படகின் பாய்க்கயிறு
கொடிமரத்தில் அடிக்கத் தொடங்கியது.
டங்.
நின்றுவிட்டது என்று கண்ணை மூடியதும்
டங்.
நாற்பது படகுகளில் எல்லோரும்
வேறொருவர் எழுந்துபோய்க் கட்டட்டும் என்று
படுத்திருந்தோம்.
அஸ்கர் புரண்டான்.
நான் விழித்திருப்பது அவனுக்குத் தெரியும்.
தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்குப் படகின் விலாவில்
மூன்று தட்டு.
மழைக்கோட்டுக்குள் ஒரு மனிதன்,
கோட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு நாய்.
வெளியே வாடை வெறிபிடித்து நிற்கிறதாம்,
பாதியில் திரும்பிவிட்டானாம்.
இடம் அவனுடையது.

'மன்னியுங்கள், இப்போதே போய்விடுகிறோம்.'
'இந்தக் காற்றிலா? கயிற்றைப் பிடியுங்கள்.'

அவன் படகு எங்கள்மேல் சாய்ந்து வந்தது.
இடையில் ரப்பர் பந்துகளைத் தொங்கவிட
இரவு உடையில் ஓடினோம்.
'இன்னும் கீழே இறக்கட்டுமா?' என்றான் அஸ்கர்.
பதினோரு மணிநேரத்தில் முதல் வாக்கியம்.
'பொறு,' என்றேன்.
பொறுத்தான்.
அலை ஒன்று தாழ்ந்தது,
'இப்போது' என்றேன்,
பந்து சரியான இடத்தில் நசுங்கியது.

தோர்கில் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு
கம்பளிக் காலுறையோடு
எங்கள் படகைக் கடந்தான்.
நடுவில் நின்று
பையிலிருந்து ஒரு துண்டுக் கயிறெடுத்து
கொடிமரத்தருகே எதையோ இழுத்துக் கட்டினான்.

டங் நின்றது.

எங்களுடையது.

கரையில் இறங்கியவன்
பலகையைச் சிவப்பாகத் திருப்பினான்.
அந்தச் சிவப்பில் நாங்களும் அடக்கம்.
நாயைக் கூடையில் வைத்து
சைக்கிளில் ஏறி
ஊருக்குள் போனான்.
வீடு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

காலையில் காற்று அடங்கியிருந்தது.
எல்லாப் படகுகளும் கிளம்பின.
நாங்கள் மட்டும் கிளம்ப முடியவில்லை.
வெளிப்புறம் அவன் படகு,
அவனோ எந்தக் கூரைக்குக் கீழோ தூக்கத்தில்.
ரொட்டி கொண்டுவந்த பையனைக் கேட்டோம்.
'பத்துக்கு முன் எழமாட்டார்,' என்றான்.

முன்பாயை மடியில் பரப்பினோம்.
கிழிசலின் அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் நான்,
துணியைத் துளைத்து
ஊசி போய்வந்தது.
ரொட்டித்தூள் தையலுக்குள் விழுந்தது.
'நெருக்கமாகத் தை,' என்றேன்.
'தைக்கிறேனே.'

பத்தரைக்கு சைக்கிள் மணி கேட்டது.
இன்னும் நான்கு விரற்கடை மிச்சம்.
அஸ்கர் கரையைப் பார்த்துக் கத்தினான்:
'அவசரமில்லை, தோர்கில்!
காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.'