அளவுப் பதிவேடு, தை ஒன்று

அடப்பாற்றின் கடைசி ஷட்டர் என் பொறுப்பு.
மேல்பக்கம் நல்ல தண்ணீர், கீழ்ப்பக்கம் உப்பு.
நடுவில் துருப்பிடித்த பல்சக்கரமும்
லஸ்கர் வைரக்கண்ணு என்கிற நானும்.

உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறதென்று அளக்க
கார்த்திகை அடைமழையில்
ஹாலந்திலிருந்து வந்தார் ஃபெம்கெ.
அவர் ஊர் கடலுக்குக் கீழே இருக்கிறதாம்.
நான் நம்பவில்லை.
படம் காட்டினார்:
கரைக்கு அந்தப் பக்கம் உயரத்தில் கப்பல் போகிறது,
இந்தப் பக்கம் பள்ளத்தில் மாடு மேய்கிறது.
எங்கள் ஊர்தான், கொஞ்சம் சுத்தமாக.

அவர் மொழியில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட வேண்டுமென்று
எனக்கு எப்படித் தோன்றியதோ.
மற்ற வாழ்த்துகளில் நான் மோசமில்லை.
நாகூர்க் கடைத்தெருவில் ஈத் முபாரக் சொன்னால்
எந்தத் தெரு பாய் நீங்கள் என்பார்கள்.
ஐப்பசி நடவுக்கு வந்த வங்காளத்துப் பையன்கள்
சுபோ பிஜோயா கற்றுத் தந்தார்கள்.
வ வருமிடத்தில் ப போட்டு,
வாயில் வெற்றிலை இருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும்.
டச்சுதான் தொண்டையைப் பிடித்தது.

போனில் ஒரு பெண்குரல் சொன்னது:
ஃகெலுக்கஃ நியூயார்.
முதல் எழுத்தே கெ இல்லை, ஹெ இல்லை.
மத்தி முள் சிக்கி
சோற்றுருண்டையைத் தேடும் முன்னால்
ஒரு செருமல் வருமே, அது.
அப்புறம் அந்த லு:
உதட்டை விசிலுக்குக் குவித்துக்கொண்டு
உள்ளே இ சொல்ல வேண்டும்.
ஷட்டர் மேடையில் நின்று சொல்லிப் பார்த்தேன்.
கொக்கு பறந்தது.
வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.
ஜக்குபாய் மிளகு ரசம் வைத்தாள்.
மூன்றாம் நாளும் வைத்தாள்.

நான்காம் நாள்
பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போடும்போது
மூன்று புள்ளி நினைவுக்கு வந்தது.
அஃது. இஃது. எஃகு.
பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வேகமாகத் தாண்டிப்போன எழுத்து,
இப்போது ஃபேனுக்கும் ஃபோனுக்கும்
வாசலில் நின்று கூலிவேலை பார்க்கிறது.
எஃகு என்றேன். எஃகு, எஃகு.
எ-வை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.
வந்தது.

டிசம்பர் கடைசி ராத்திரி சட்டை தேய்த்து வைத்தேன்.
விடிந்ததும் சொன்னார்கள்,
அந்தம்மா ஜுரத்தில் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் என்று.
வாயில் வார்த்தை, சொல்ல ஆளில்லை.
ஷட்டரிடமா சொல்ல முடியும்?
சொன்னேன், ஒரு தடவை.

பொங்கலன்று காலை வந்தார்.
இளைத்திருந்தார்.
கையில் கரும்பு, தலைகீழாக.
காகிதத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து
பொங்கல் வார்த்துகள் என்றார்.
ழ போய் ர வந்துவிட்டது. பரவாயில்லை,
எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது ள.
வார்த்து என்றாலும்
எதையோ சொம்பில் ஊற்றிக் கொடுத்த மாதிரி
நன்றாகத்தான் இருந்தது.

அடக்க மாட்டாமல் நானும் சொல்லிவிட்டேன்.
ஃகெலுக்கஃ நியூயார்.
புள்ளிகள் அதனதன் இடத்தில்.

அவர் முகம் ஒரு மாதிரி போனது.
அழப்போகிறார் என்று பயந்தேன். இருமினார்.
ஆறாம் தேதிக்கு மேல் அவர் வீட்டில்
அதைச் சொல்ல மாட்டார்களாம்.
இரண்டு வாரம் ஆறிப்போன வாழ்த்து.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
இங்கே வந்து சேர எத்தனை நாள் என்று
முன்பொரு நாள் என்னைக் கேட்டு எழுதிக்கொண்டவர்,
கொஞ்சம் யோசித்து
கடைமடை என்றார்.
ழ இல்லாத சொல். பிசிறில்லாமல் வந்தது.

அவர் போனபின் பதிவேட்டைத் திறந்தேன்.
மேல்பக்கம் நாலடி. கீழ்ப்பக்கம் மூன்றேகால்.
குறிப்பு என்ற கட்டத்தில்
வருஷம் பூராவும் ஒன்றுமில்லை என்றுதான் எழுதுவேன்.
இன்று ஃ போட்டேன்.
மாதக் கடைசியில் ஏ.இ. கேட்பார்,
இதென்ன வைரக்கண்ணு, மை சிந்திவிட்டதா என்று.
ஆமாம் என்று சொல்வதாக இருக்கிறேன்.