பெருக்கல் குறி

ஹொனலுலு, டிசம்பர் 1960

பெருநிலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.
தோற்றவர் வாழ்த்துச் சொல்லியாயிற்று,
ஜெயித்தவர் மந்திரிகளுக்கு ஆள் பார்க்கிறார்.
நாங்கள் இன்னும்
எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பதினாறு மாதக் குழந்தை இந்த மாநிலம்.
ஜனாதிபதிக்கென்று அது போட்ட முதல் ஓட்டு
முதல் எண்ணிக்கையில்
நூற்று நாற்பத்தொன்று வித்தியாசத்தில் நிற்கிறது.
"மூணு பஸ் ஆளுங்க" என்கிறார் மேஜைத் தலைவர் அகானா,
"நின்னுக்கிட்டு வந்தா ரெண்டு."

போன திங்கட்கிழமை
இரண்டு கட்சியிலும் மும்மூன்று பேர்
தாங்களே ஜெயித்ததாகக் கையெழுத்திட்டார்கள்,
ஒரே நாளில்.
பேனாவைக்கூடக் கைமாற்றிக்கொண்டார்களாம்.
நீதிமன்ற மாடிப்படியில் கேட்டது, எனக்குத் தெரியாது.

மத்தியானம் எங்கள் மேஜைக்கு
கலிஹிப் பெட்டி வந்தது. எங்கள் தெருப் பெட்டி.
நான் சொல்லவில்லை.
சீட்டுகளில் மீன்வாடை இருப்பதுபோல ஒரு நினைப்பு,
வெறும் பசைதான்.

நாற்பதாவதோ நாற்பத்தொன்றோ,
ஒரு சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.
முதல் கோடு தாளைக் கிழிக்கிற அழுத்தம்.
இரண்டாவது, முடிகிற இடத்தில்
தூண்டில்முள்போல் மேலே வளைகிறது.

அன்னாசி ஆலை இயந்திரத்திடம்
வலது கட்டைவிரலைக் கொடுத்தவன்
இரண்டு விரலிடுக்கில் பென்சிலைப் பிடித்தால்
அப்படித்தான் வளையும்.
பதினோரு வருடமாக அடுப்படி நாட்காட்டியில்
கடலுக்குப் போகிற ஞாயிறுகளின்மேல்
பார்த்துவருகிறேன் இந்த வாலை.

"ஹட்ஸுயோ, நீ சொன்ன ஆளுக்கேதான் போட்டேன்,"
நவம்பர் எட்டு, ராத்திரிச் சோற்றின்போது டொகுஜி.
ஊறுகாயை என் பக்கம் நகர்த்திவைத்தார் வேறு.

"வால் கட்டத்துக்கு வெளியே," என்றார் ஃப்ரெய்டஸ்,
"செல்லாது."
அவருடைய கட்சி என்னுடைய கட்சி.
தலையை ஆட்டினால் போதும்,
அகானா ஏற்கெனவே கண்ணாடியைக் கழற்றித்
துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்
கட்டத்துக்குள் இருந்தால் செல்லும்.
எங்களுக்குச் சொன்ன விதி அது.
உள்ளேதான் இருந்தது, நட்டநடுவில்,
கூசாமல்.

"செல்லும்," என்றேன்.
என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் இதைப் பெருக்கல் என்றார்கள்.
என் ஓட்டும் அவர் ஓட்டும் போக
எங்கள் வீட்டிலிருந்து
யாருமே வரிசையில் நிற்கவில்லை என்று
வைத்துக்கொள்ளலாம்.
காலணியில் சேறு மட்டும் நிஜம். அன்று மழை.

இரவு அவர் கேட்டார்: "யார் முன்னாடி?"
"இன்னும் முடியலை."
"அதான் அங்கே முடிஞ்சுபோச்சே,
இதுக்குப்போய் இவ்வளவு பாடா?"

மீனைத் திருப்பிப் போட்டேன்.
அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது.
நாட்காட்டியில் வருகிற ஞாயிற்றைத் தேடினேன்,
இன்னும் குறி போடவில்லை.
பென்சிலை எடுத்து
அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.