எதைவிட எட்டு மடங்கு

கொன்செப்சியோனில் ஜூலை மழை
மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும்.
குடையை வாளியில் சாய்த்துவிட்டு
ஒரியெத்தா விளக்கைப் போடுகிறாள்.
ஆய்வகத்தில் மெழுகு வாசம்,
நேற்றைய காப்பியின் வாசம்.

மேசைமேல் எண்பத்து மூன்று.
பெயர் இல்லை. பெண், ஐம்பத்திரண்டு வயது, பித்தப்பை.
தீப்பெட்டி அளவு மெழுகுக் கட்டிக்குள்
சுருங்கிக் கிடக்கிறது
எண்பத்து மூன்றில் மிச்சமிருப்பது.

உறைபெட்டியில் வைத்தவை எல்லாம்
அந்தப் பிப்ரவரியிலேயே போய்விட்டன.
நிலம் ஆடி முடித்து
ஐந்து நாள் மின்சாரம் வராமல்
திசுக்கள் குழாய்களுக்குள் உருகி நின்றன.
மெழுகுக் கட்டிகள் மட்டும்
அலமாரியோடு சரிந்து, தரையெங்கும் சிதறி,
ஒன்றுமே நடக்காத மாதிரி கிடந்தன.
நிபால்தோ அவற்றைத் துடைப்பத்தால் கூட்டவில்லை.
மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

இன்று அவன்தான் சீவித் தருகிறான்.
மயிரிழையைப் பத்தாய்ப் பிளந்த கனத்தில்
நாடா நாடாவாய் வெந்நீரில் மிதக்கவிட்டு
தூரிகை நுனியால் பிடிக்கிறான்.
வானொலியில் அவன் அணி தோற்றுக்கொண்டிருக்கிறது.
கை நடுங்கவில்லை.

டாக்டர் பைனெகேயோ கண்ணாடித் தகட்டில்
கறுப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்: நோய்.
ஒரு சென்டிமீட்டர் தள்ளி, பச்சையில், இன்னொன்று: இயல்பு.
ஒரே உடம்பிலிருந்து
வழக்கும் சாட்சியும்.

கருவிலிருந்து வெளியே ஓடிய தூது
போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதுதான் இவள் வேலை.
ஃபார்மலின் அதைக் கிழித்துப் போட்டிருக்கிறது,
நூறு எழுத்துக்கு ஒரு கிழிசல்.
கிழிசலைத் தாளாக்கி,
தாளைப் படியெடுத்து,
படியைப் படியெடுத்து,
இரண்டு நான்கு எட்டு பதினாறு...
எந்தக் குழி முதலில் ஒளிர்கிறதோ
அதில்தான் கூச்சல் அதிகம்.

கறுப்பு, இருபத்து நான்காம் சுற்றில் ஒளிர்ந்தது.
பச்சை, இருபத்தேழில்.

"எட்டு மடங்கு," என்றாள்.

"எதைவிட?" என்றான் நிபால்தோ,
பந்தாட்டத்திலிருந்து காதை எடுக்காமல்.

அவன் வம்புக்குக் கேட்கவில்லை.
ஆனாலும் அந்தக் கேள்வி
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை வரிசைப்படுத்திய எழுத்துகள் வந்தன.
காவல் காக்க வேண்டிய மரபணுவில்
ஜி இருக்கும் இடத்தில் ஏ.
கறுப்பில், நூற்றுக்கு அறுபத்தொன்று.
எதிர்பார்த்ததுதான்.
பச்சையிலும். நூற்றுக்குப் பதினான்கு.

கலந்திருக்கும் என்று நினைத்தாள்.
கையுறை மாற்றினாள், கத்தி மாற்றினாள்,
கட்டியின் மறு ஓரத்திலிருந்து சீவச் சொன்னாள்.
பதின்மூன்று.
மறுபடி.
பதினான்கு.

கண்ணுக்கு நல்லதாக,
நுண்ணோக்கிக்கும் நல்லதாக,
வரிசை குலையாமல் நின்ற செல்களுக்குள்
அந்த ஒற்றை எழுத்து
எத்தனை வருஷமாய் மாறியிருந்ததோ.
அந்தப் பெண் அப்போது
பேருந்துக்கு ஓடியிருப்பாள்,
உப்புப் போதவில்லை என்றிருப்பாள்.

அளவுக்கும் மருந்துக்கும்
மாத்திரை என்று ஒரே பெயர் வைத்த மொழி ஒன்று உண்டு.
ஒரியெத்தாவுக்கு அது தெரியாது.
எடைக்கல்லே தேய்ந்திருந்தால்
தராசு என்ன சொல்லும் என்பது தெரியும்.

இரவு ஏழரைக்கு
அட்டவணையின் தலைப்பில் விரலை வைத்தாள்.
"இயல்பு" என்பதை அழித்து
"பக்கத்தில்" என்று அடித்தாள்.
அந்தப் பெயரைத் தேடிய சூத்திரங்கள் எல்லாம்
ஒரே நொடியில் அறுந்தன.
நூற்றுப்பதினேழு வரிசைகளிலும் பிழைக்குறி.

அவள் திருத்தவில்லை.
ஆஸ்பத்திரி வாசலில் பூசணி ரொட்டி பொரிப்பவன்
தார்ப்பாயை இறக்கிக் கட்டும் சத்தம் கேட்டது.
வாளியில் குடையைத் தேடினாள்.
நிபால்தோ எடுத்துக்கொண்டு போயிருந்தான்.